மணியும் துளையும் – ஒரு கடிதம்

அக்கா வணக்கம்,

நான் மிச்சிகன்ல இருக்கேன், சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். எட்டு வருஷமா லேம்ப்வொர்க் பண்றேன், அதாவது டார்ச் நெருப்புல கண்ணாடிக் குச்சியை உருக்கி ஸ்டீல் கம்பியில சுத்தி மணி செய்றது. எங்க ஏரியாவுல இதுக்கு ஒரு சின்ன கிளப் இருக்கு, ரெண்டு வருஷமா நான்தான் தலைவர் (வேற யாரும் கை தூக்கல). லிஸ்ட்ல 40 பேர், மாசக் கூட்டத்துக்கு வர்றது 9 பேர். வருஷாந்திர விற்பனையில ஒருத்தர் வெளிநாட்டு மலிவு மணியை வாங்கி தன்னோடதுன்னு வித்துட்டார். இன்னொருத்தர் டிசைனை ஒருத்தர் காப்பி அடிச்சார்னு பெரிய சண்டை, ரெண்டு பேரும் இப்ப வர்றதில்ல. ரெசின் மணி, பாலிமர் களிமண் மணி செய்றவங்களையும் சேர்த்தாத்தான் சந்தா தேறும்னு பாதிப்பேர் சொல்றாங்க. இன்ஷூரன்ஸ் வேற ஏறிப்போச்சு. கிளப்பை கலைச்சிடலாமான்னு இருக்கு. நீங்க இலக்கியக் கூட்டம் எல்லாம் நடத்தினவங்க, என்ன சொல்றீங்க?

பி.கு.: ஆஸ்பத்திரி குழந்தைங்களுக்குக் கொடுக்க வருஷா வருஷம் ஒரு பெட்டி மணி அனுப்புவோம். இந்த வாட்டி அனுப்பறதுக்கு முன்னாடி எங்க பொருளாளர் எடுத்துப் பாத்து நிறைய கழிச்சுட்டாங்க, துளை சரியில்லையாம், உள்ள மண்ணு இருக்காம். கொஞ்சம் ஓவர்தான், ஆனா அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல.

எம்.

அன்புள்ள எம்.,

உங்க லெட்டர் வந்த அன்னிக்குக் காலையிலதான் பீரோவுல பழைய சாமான் ஒழிச்சிக்கிட்டிருந்தேன், ஒரு தீப்பெட்டி கிடைச்சுது. அதுக்கு அப்புறம் வரேன். அந்தத் தீப்பெட்டி கையில இல்லாம இருந்திருந்தா உங்களுக்கு ரெண்டு வரியில பதில் போட்டிருப்பேன், இல்ல போடாமலே விட்டிருப்பேன்.

முதல்ல சின்னதெல்லாம் தள்ளிடறேன். இன்ஷூரன்ஸ் கட்டுங்க, புரொப்பேனும் ஆக்சிஜனும் வச்சிக்கிட்டு ஒரு ரூம்ல ஒன்பது பேர் உக்காந்து நெருப்பு ஊதறீங்க, அதுல என்ன யோசனை. வாங்கி வித்தவரை அடுத்த வருஷம் டேபிள் போட விடாதீங்க, முடிஞ்சுது. காப்பி சண்டை எல்லாம் எனக்கு அலுத்துப்போன சமாச்சாரம். வெனிஸ் பக்கத்துல முரானோன்னு கண்ணாடி செய்ற தீவு, அங்க ரகசியம் வெளிய போயிடக்கூடாதுன்னு கண்ணாடிக்காரங்க வெனிஸ் ஆட்சியை விட்டு ஓடவே கூடாதுன்னு சட்டம் போட்டு வச்சிருந்தாங்க, அப்பவும் ஆள் ஓடினான், வித்தையும் ஓடுச்சு. புள்ளி வச்சு பூ போடறதுக்கு யாரும்மா பட்டா வாங்க முடியும்? ரெண்டு பேரையும் ஒரே நாள் டீக்கு கூப்பிடுங்க, வராட்டி விடுங்க. 40ல 9 பேர் வர்றாங்கன்னு அழறீங்க, நான் பாண்டிச்சேரியில நடத்தின கூட்டத்துக்கு நாலு பேர் வருவோம், அதுல ஒருத்தர் ஹால் சாவி வச்சிருக்கறவர்.

ஆனா பின்குறிப்புன்னு போட்டு கடைசியில ஒண்ணு எழுதினீங்க பாருங்க. "கொஞ்சம் ஓவர்தான்", "பெரிய விஷயமில்ல". எனக்கு சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. ஏம்மா, எட்டு வருஷமா மணி செய்றீங்க, ரெண்டு வருஷமா தலைவர், துளை சரியில்லைங்கறது சின்ன விஷயமா? அந்த லெட்டர்லயே ஒரே ஒரு பெரிய விஷயம் அதுதான், அதைத்தான் அடியில கொண்டுபோய் சொருகியிருக்கீங்க.

இப்ப தீப்பெட்டி. நான் வளந்தது அரியாங்குப்பம். அங்கேருந்து காக்காயன்தோப்பு தாண்டினா அரிக்கமேடு, ஆத்தங்கரையில மாந்தோப்பு தென்னந்தோப்பா இருக்கும். வீலர்ங்கற பிரிட்டிஷ் தொல்லியல்காரர் 1945ல வந்து தோண்டினது, ரோம் சாமான் கிடைச்சது எல்லாம் இப்ப ஸ்கூல் பிள்ளைங்களுக்கும் தெரியும், எங்களுக்கு அப்ப அதெல்லாம் தெரியாது, எங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், மழை விட்ட மறுநாள் போனா மண்ணு கழுவிப்போய் மணி வெளிய தெரியும். கடுகு சைஸ்ல, மிளகு சைஸ்ல, சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். குனிஞ்சுக்கிட்டே நடப்போம். 1937லயே ஜூவோ துப்ராய்ங்கற பிரெஞ்சுக்காரர் அந்த ஊர் பசங்ககிட்டேருந்துதான் கல்லும் மணியும் காசு கொடுத்து வாங்கியிருக்கார், அதனால எங்களுக்கு முன்னாடி ரெண்டு தலைமுறை இந்தத் திருட்டைப் பண்ணியிருக்குன்னு வச்சுக்கங்க. திருட்டுதான், இப்ப யாராவது செஞ்சா நானே திட்டுவேன். அப்ப எனக்கு ஒன்பது வயசு.

பொறுக்கினதை தீப்பெட்டியில போட்டு வைப்பேன். எங்க அத்தை, அப்பாவோட அக்கா, கணவர் இல்லாம எங்களோடயே இருந்தாங்க, அவங்கதான் ஒரு நாள் அதுல கைநிறைய எடுத்து சாதாரண தையல் நூல்ல கோத்து எனக்கு கழுத்துல போட்டு விட்டாங்க. அதே வருஷம் மாசிமகத்துல கடையில வாங்கின பளபளா பாசிமணி ஒண்ணும் இருந்துச்சு. கடை மணி ஒரு மாசம் தாங்கல. ஸ்கூல்ல பிரேயர் நேரத்துல அறுந்து சிமென்ட் தரையில சிதறி, எல்லாரும் கண்ணை மூடி நிக்கறாங்க, அது மட்டும் உருண்டுக்கிட்டே இருக்கு. அடி வாங்கினேன். பொறுக்கின மணி அறுகவே இல்ல. காலேஜ் போற வரைக்கும் அதே நூல்.

நான் அழுதுக்கிட்டே வந்தப்ப அத்தை ஒண்ணு பண்ணாங்க. கடை மணி ஒண்ணை எடுத்து நூல்ல போட்டு மேலயும் கீழயும் பத்து தடவை இழுத்தாங்க, நூல்ல பஞ்சு பிரிஞ்சுச்சு. பொறுக்கின மணியில அதே மாதிரி இழுத்தாங்க, ஒண்ணும் ஆகல. "துளை வாய் கத்தியா இருக்குடி, அதான் அறுக்குது"ன்னாங்க. அத்தை மூணாவது வரைக்கும் படிச்சவங்க.

அது ஏன்னு எனக்குப் புரிய இன்னும் இருவது வருஷம் ஆச்சு. திருப்பதிக்குப் போயிட்டு ரேணிகுண்டா வழியா வர்றப்ப தெரிஞ்சவர் ஒருத்தர் பாப்பாநாயுடுபேட்டைக்கு கூட்டிட்டுப் போனார், அங்க ஊரே கண்ணாடி மணி செய்ற ஊர். உலைக்குள்ள உருகின கண்ணாடிக்குள்ள ஒரு நீள இரும்புக் குழாயை விடறாங்க, அதுக்கு 'லாடா'ன்னு பேரு. அந்தப் பக்கம் ஒருத்தர் உக்காந்து கண்ணாடியை நூல் இழுக்கற மாதிரி மணிக்கணக்கா இழுத்துக்கிட்டே இருக்கார், நடுவுல ஓட்டையோட குழாயா வருது. பீட்டர் பிரான்சிஸ்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர், ஆயுசு பூரா மணி பின்னாடியே அலைஞ்சவர், ஆப்பிரிக்காவுலேருந்து கிழக்கு ஆசியா வரைக்கும் கிடைக்கற இந்தச் சின்ன இழுத்த மணிகளுக்கு 'இந்தோ பசிபிக் மணி'ன்னு பேர் வச்சவர், அரிக்கமேட்டுல செஞ்ச முறையும் இதுவும் ஒரே வம்சம்னு எழுதியிருக்கார். இலங்கையில மாந்தை, தாய்லாந்துல க்லோங் தோம், வியட்நாம்ல ஓக் இயோன்னு அந்த வம்சம் கடல் தாண்டி எங்கெங்கயோ உலை வச்சிருக்கு.

நான் சொல்ல வந்தது வம்சத்தைப் பத்தி இல்ல. குழாயை துண்டு துண்டா நறுக்கினதும் அது மணி ஆகிடாது. நறுக்கின ஓரம் கண்ணாடிச் சில்லு மாதிரி இருக்கும், கையில வச்சுப் பாத்தேன், கீறுச்சு. அந்தத் துண்டுகளை சாம்பல்ல போட்டு, சாம்பல் துளைக்குள்ள போய் அடைச்சிக்கற மாதிரி பெசறி, அப்புறம் சூட்டுல வச்சு கிண்டறாங்க. சாம்பல் இருக்கறதால துளை மூடாது, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது, ஓரம் மட்டும் உருண்டு மழுங்கிடும். வறுக்கற மாதிரி கிண்டிக்கிட்டே இருக்காங்க, அந்த வேலைக்கு யாரும் கைதட்டப் போறதில்ல, போட்டோ எடுக்கறவங்க எல்லாம் உலைப் பக்கம்தான் நிக்கறாங்க, நானும் அங்கதான் நின்னேன். எங்க அத்தை நூல்ல இழுத்துப் பாத்தது இந்த வறுவலைத்தான். யாரோ ஒருத்தர், ஆயிரம் வருஷமோ ரெண்டாயிரமோ முன்னாடி, ஆத்தங்கரையில உக்காந்து அவசரப்படாம கிண்டியிருக்கார்.

உங்க முறை வேற, தெரியும். பொண்ணு வீட்டுக்கு சிகாகோ வந்திருந்தப்ப ரெண்டு நாள் கிளாஸ் போனேன், கட்டை விரல்ல தழும்பு இன்னும் இருக்கு. ஸ்டீல் கம்பியை களிமண் கரைசல்ல முக்கி காயவச்சு, கண்ணாடி மஞ்சளா எரியறது கண்ணைக் கூசாம இருக்க டிடிமியம் கண்ணாடி மாட்டிக்கிட்டு, கம்பியைச் சுத்திக்கிட்டே உருக்கி ஊத்தறது. இறக்கினப்புறம் அந்தக் களிமண்ணு துளைக்குள்ள ஒட்டிக்கிட்டு நிக்கும், அதை தண்ணிக்குள்ள வச்சே வைர அரத்தால சுரண்டணும், காய்ஞ்சு சுரண்டினா தூசி நெஞ்சுக்குள்ள போயிடும். எனக்கு சொல்லிக் கொடுத்த அம்மா எழுபது வயசு இருக்கும், என் மணியோட ரெண்டு ஓரத்தையும் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம அவங்க மணி ஒண்ணை பக்கத்துல வச்சாங்க. அவங்களோடது ரெண்டு பக்கமும் தொப்புள் மாதிரி உள்வாங்கி, மழுமழுன்னு. என்னோடது முள்ளு மாதிரி கூர்மையா கம்பி மேல ஏறியிருந்துச்சு. அகலமா சுத்திட்டு கண்ணாடி பத்தலன்னா அப்படித்தான் ஆகும்னு அப்புறம் விளக்கினாங்க. அகலத்துக்கு ஏத்த கண்ணாடி போட்டா அது தானே உருண்டு உள்வாங்கிக்கும், அவ்ளோதான் வித்தை. மேல நான் போட்டிருந்த பூவைப் பத்தி அவங்க ஒரு வார்த்தை பேசல. எனக்கு அன்னிக்கு வருத்தம்.

உங்க நாட்டுல பீட்ஸ் ஆஃப் கரேஜ்னு ஒண்ணு இருக்கே, பெரிய வியாதி வந்த குழந்தைக்கு ஒவ்வொரு ஊசிக்கும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு மணி கொடுத்து கோத்துக்க வைக்கறது, நீங்க அனுப்பறது அதுக்கோ அது மாதிரி வேற எதுக்கோன்னு நினைக்கறேன். அந்த மாலை நீளமா போகுதுன்னா அந்தப் பிள்ளை எவ்ளோ பட்டிருக்குன்னு அர்த்தம். அந்த மாலை பிரேயர் ஹால்ல அறுந்த மாதிரி ஒரு ஆஸ்பத்திரி வராண்டாவுல அறுந்தா? மண்ணு உதிர்ந்து அந்தப் பிள்ளை கையில ஒட்டினா? உடம்புல எதிர்ப்பு சக்தியே இல்லாத பிள்ளைம்மா. உங்க பொருளாளர் ஓவர் இல்ல. அந்த கிளப்புல மணி செய்யத் தெரிஞ்ச ஒரே ஆள் அவங்கதான்னு எனக்குத் தோணுது, நீங்க கோவிச்சிக்கிட்டாலும் சரி.

கோவிச்சிக்கிட்டீங்கன்னு தெரியுது, போகட்டும். எட்டு மணி நேர வேலை, வீடு, பனி, இதுக்கு நடுவுல சாவி எடுத்துட்டுப் போய் ஹாலைத் தொறந்து நாற்காலி போட்டு, யாரும் வராம திரும்ப மடக்கி வைக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா. தலைவர்ங்கற பேருக்கு அங்க நாற்காலி மடிக்கறதுன்னுதான் அர்த்தம். நீங்க விட்டுட்டா அந்த ஒன்பது பேருக்கும் போக இடமில்லன்னு நீங்களே உள்ளுக்குள்ள நினைக்கறதாலதான் கலைக்காம எனக்கு லெட்டர் எழுதறீங்க.

அதனால நான் உங்க இடத்துல இருந்தா ரெண்டு மாசத்துக்கு டிசைன் டெமோ, போட்டி, புள்ளி, பரிசு எல்லாத்தையும் நிறுத்திடுவேன். கூட்டத்துல ஒரே வேலை. எல்லாரும் ஒரே கலர்ல, அலங்காரம் இல்லாம, அஞ்சு மணி செய்யணும். உள்வாங்கின ஓரம் ரெண்டு பக்கமும். கிளப் கில்ன்ல, அதான் சூளையில, ஒண்ணா வச்சு பதமா ஆத்தணும். சூடு தாங்கற நார்க் கம்பளத்துக்குள்ள சொருகி ஆறவச்சா போதும்னு சிலர் சொல்வாங்க, அது வீட்டுக்குப் போற வரைக்கும் உடையாம இருக்கத்தான் ஆகும், உங்க 104 கண்ணாடியை 500 டிகிரி செல்சியஸ் சொச்சத்துல நிறுத்திவச்சு மெல்ல இறக்கினாத்தான் உள்ள இருக்கற இறுக்கம் தளரும், இல்லன்னா ஒரு வருஷம் கழிச்சுக்கூட ராத்திரி அலமாரியில டிக்குன்னு வெடிக்கும். 90 கண்ணாடியோட கலந்து செஞ்சா கில்ன்கூட காப்பாத்தாது, அந்த நம்பரே சூட்டுல எவ்ளோ விரியும்ங்கற கணக்குதான், விரியறது சுருங்கறது ரெண்டுக்கும் வேற வேற அளவு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், உங்க புது மெம்பர் நாலு பேருக்குத் தெரியுமான்னு கேளுங்க.

அப்புறம் உங்க பொருளாளர் கையில ஒரு தையல் நூல்கண்டு கொடுத்து நடுவுல உக்கார வைங்க. ஒவ்வொருத்தரும் தன் மணியை தானே நூல்ல பத்து தடவை இழுத்துப் பாக்கட்டும். ரெசின்காரங்களும் களிமண்காரங்களும் வரணும்னு கேக்கறாங்கல்ல, வரட்டும், அவங்க மணியையும் அதே நூல்ல இழுக்கட்டும். தாங்கிச்சுன்னா சேர்த்துக்கங்க, இல்லன்னா அடுத்த மாசம் வரச் சொல்லுங்க. உங்க பைலாஸ்ல இருக்கற பதினாலு பாயின்ட்டை அப்புறம் படிச்சிக்கலாம். (இலக்கியக் கூட்டத்துல இப்படி ஒரு நூல் இருந்திருந்தா எத்தனை கவிதை தாங்கியிருக்கும்னு யோசிக்கறேன், வேணாம், அது வேற சண்டை.)

1993ல உங்க நாட்டுல கண்ணாடி மணிக்காரங்க சேர்ந்து சங்கம் ஆரம்பிச்சப்ப, சூடு எவ்ளோ வைக்கறது, எந்தக் கண்ணாடியோட எது சேரும், கம்பியில என்ன பூசறதுன்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டுத்தான் பாதிப்பேர் கத்துக்கிட்டிருக்காங்க. இப்ப வீடியோ பாத்து கத்துக்கலாம், உண்மைதான், ஆனா வீடியோ உங்க மணியைக் கையில வாங்கிப் பாக்காது.

கலைக்கறதா வேணாமான்னு கேட்டீங்க, மறந்தே போயிட்டேன். சந்தா வருஷம் முடியற வரைக்கும் இருங்க, அப்புறம் அந்தப் பொருளாளர் அம்மாவைத் தலைவர் ஆக்கிட்டு நீங்க ஒரு வருஷம் சும்மா டார்ச் முன்னாடி உக்காருங்க. லெட்டரோட அனுப்பின போட்டோ பாத்தேன், நீலத்துல மீன் போட்ட மணி ரொம்ப அழகு, சும்மா சொல்லல. ஆனா எல்லாமே முகத்தைத்தான் காட்டுது. அடுத்த வாட்டி திருப்பி வச்சு துளை தெரியற மாதிரி எடுத்து அனுப்புங்க.