படிவம் நிரப்புவதும் ஒரு வேலையா?

கேள்வி: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். நகரில் உள்ள ஒரு சுகாதாரத் தொண்டு நிறுவனத்தில் மூன்று மாத உள்ளகப் பயிற்சி கிடைத்தது. நிறையக் கற்கலாம் என்று ஆசையோடு போனேன். ஒரு மாதம் முடிந்துவிட்டது. காலையில் டெங்குப் படிவங்களோடு வீடு வீடாகப் போகிறோம், பின்னேரம் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம். வேறொன்றும் இல்லை. சம்பளமும் இல்லை, நெல்லியடியிலிருந்து வந்துபோகும் பஸ் காசும் என் கைக்காசு. கொழும்பில் பயிற்சிக்குப் போன சிநேகிதிகள் கூட்டம், கருத்தரங்கு என்று படம் போடுகிறார்கள். போன கிழமை கடற்கரைப் பகுதியான குருநகரில் ஒரு அம்மா, “எழுதிக்கொண்டு போவீங்கள், பிறகு ஒருத்தரும் இந்தப் பக்கம் வரமாட்டீங்கள்” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். அழுகை வந்துவிட்டது. விலகிவிடவா? இல்லாவிட்டால் பயிற்சி அறிக்கையில் எதைத்தான் எழுதுவது?
– மாணவி, வடமராட்சி

பதில்: தங்கச்சி, விலக வேண்டாம். அதற்காக வாயை மூடிக்கொண்டு மிச்ச இரண்டு மாதத்தையும் ஓட்டுங்கள் என்றும் சொல்லமாட்டேன். நீங்கள் செய்வது சின்ன வேலை என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பெரிய வேலை என்றும் சொல்லித்தரவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

உங்கள் கையில் இருக்கும் படிவத்தையே எடுத்துப் பார்ப்போம். தண்ணீர் தேங்கிய பாத்திரம் எத்தனை, குடம்பி, அதாவது நுளம்புப் புழு, இருந்தது எத்தனையில் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். பார்த்த வீடுகளில், நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் குடம்பி இருந்தது என்ற கணக்குக்குப் பிரெட்டோ சுட்டி என்று பெயர். எந்த ஒழுங்கைக்கு முதலில் ஆள் அனுப்புவது, எங்கே புகை அடிப்பது என்று முடிவெடுக்க உதவும் கணக்குகளில் அது முக்கியமானது. இப்போது ஒரு கேள்வி. பூட்டிக் கிடந்த வீட்டுக்கு நீங்கள் என்ன எழுதுகிறீர்கள்? கட்டத்தை வெறுமையாக விடுகிறீர்களா, சைபர் போடுகிறீர்களா?

100 வீட்டுக்குப் போனீர்கள், 20 பூட்டு, திறந்திருந்த 80 வீட்டில் 8 பாத்திரங்களில் குடம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுட்டி 10. பூட்டிய வீடுகளுக்குச் சைபர் போட்டு 100 வீடும் பார்த்ததாக ஏற்றினால் அது 8 ஆகிவிடும். எங்கள் ஊரில் பூட்டிய வீடு என்றால் என்ன வீடு? கனடாவிலோ லண்டனிலோ இருப்பவர்களின் வீடு. பாவிக்காத கிணறு, மூடியில்லாத சீமெந்துத் தொட்டி, இலை அடைத்த கூரைப்பீலி, மாதக்கணக்கில் ஒருவரும் தண்ணீர் ஊற்றாத கொமட் எல்லாம் இருக்கும் வீடு. நுளம்புக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. ஆபத்துக் கூடிய வீட்டை ஆபத்தே இல்லாத வீடாக மாற்ற ஒரு சைபர் போதும். அந்தச் சைபர் உங்கள் விரல் நுனியில் இருக்கிறது. நாளைக்கே மேற்பார்வையாளரிடம் இதைக் கேளுங்கள். பூட்டிய வீடுகளின் பட்டியலைத் தனியே எடுத்து, கிராம உத்தியோகத்தர் மூலம் திறப்பு வைத்திருக்கும் உறவினரைத் தேடலாமா என்றும் கேளுங்கள். ஒரு பயிற்சி மாணவி கேட்டு நடக்கக்கூடிய காரியம்தான் இது.

குருநகர்ப் பக்கம் போவதாக எழுதியிருக்கிறீர்கள். டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்றே நாங்கள் எல்லோரும் படித்தோம். மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணக் கரையோரத்திலும் செய்த ஆய்வுகளில், உவர்நீரிலும் அது வளர்கிறது என்று கண்டார்கள். 2011இல் முடிவுகள் வெளிவந்தன. உங்கள் பல்கலைக்கழக விலங்கியல் துறையினரும் அந்த ஆய்வுகளில் இருந்தார்கள். கரையில் கைவிட்டுக் கிடந்த படகுகளுக்குள்ளும் எட்டிப் பார்த்ததால் தெரிய வந்த விஷயம் அது. உங்கள் படிவத்தில் படகுக்கு ஒரு கட்டம் இருக்கிறதா? ரயர், பூச்சாடி, சிரட்டை, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு என்று மட்டும் இருந்தால், அந்தப் படிவத்தை எழுதியவர் குருநகரை நினைத்து எழுதவில்லை. கீழே குறிப்பு எழுதுகிற இடத்தில் நீங்களே எழுதத் தொடங்குங்கள்.

எழுதுவதை நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதை இந்த நாடே ஒருமுறை பட்டு அறிந்தது. 1963இல் இலங்கை முழுவதற்கும் பதிவான மலேரியா நோயாளர் வெறும் 17 பேர். நோய் ஒழிந்தது என்ற நினைப்பில் மருந்து விசிறலும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969இல் எண்ணிக்கை 5 இலட்சத்தைத் தாண்டியது. யுத்த காலத்தில் வன்னியில் இடம்பெயர்ந்திருந்தவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேளுங்கள், அந்தக் காய்ச்சலின் குளிரை இன்றும் சொல்லுவார்கள். பிறகு காய்ச்சல் என்று வந்தவர்களின் இரத்தத்தைச் சோதித்து, ஒவ்வொரு நோயாளியின் வீட்டையும் தேடிப் போய்த்தான் மலேரியாவை முடித்தார்கள். உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. அதே வருட முடிவில் மன்னாரில் இலங்கைக்குப் புதிதான மலேரியா நுளம்பு வகை ஒன்று பிடிபட்டது. நோயே இல்லாத நாட்டில் சலிக்காமல் நுளம்பு பிடித்துக்கொண்டிருந்தவர்களால்தான் அது கண்ணில் பட்டது. அவர்களில் யாரும் படம் போட்டதாக நான் அறியவில்லை.

2024 டிசம்பர் உங்களுக்கு நினைவிருக்கும், உங்கள் பக்கத்துக் கதைதானே. கரவெட்டி, பருத்தித்துறைப் பகுதிகளில் காய்ச்சலோடு வந்தவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள், முதலில் என்ன நோயென்று தெரியவில்லை. யாருக்கு, எந்த ஊரில், என்ன தொழில், வெள்ளத்தில் நின்றாரா, வயலில் இறங்கினாரா என்று கேட்டுக் கேட்டு எழுதியதும் இரத்தப் பரிசோதனையும் சேர்ந்துதான் எலிக்காய்ச்சல் என்ற முடிவுக்குக் கொண்டுவந்தன. அதற்குப் பிறகுதான் அங்கே வயலில் இறங்குபவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்க வழி பிறந்தது.

இந்த ஓட்டம் முழுவதையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். வைத்தியசாலையில் டெங்குச் சந்தேகம் வந்ததுமே எச் 544 என்ற அறிவித்தல் படிவம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகும். அங்கிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நோயாளியின் வீட்டுக்குப் போய் விசாரித்து எச் 411ஐ நிரப்புவார். கிழமைக்கொருமுறை எல்லாம் தொகுத்து எச் 399 ஆகக் கொழும்புக்குப் போகும். உங்கள் நிறுவனம் இதற்குப் பக்கத்தில் எங்கே நிற்கிறது? நீங்கள் ஏற்றும் எக்செல் கோப்பு அந்தப் பணிமனைக்குப் போகிறதா, இல்லை காசு தந்த வெளிநாட்டுக்காரருக்கான அறிக்கையோடு முடிகிறதா? மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். பதில் சொல்ல முடியாத நிறுவனம் என்றால் அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏனென்றால் அந்த அம்மா சொன்னது உண்மை. யுத்தம், சுனாமி, மீள்குடியேற்றம் என்று எத்தனை பேர் எத்தனை கொப்பியோடு அந்த வாசலில் நின்றிருப்பார்கள்! பெயர், குடும்ப அட்டை இலக்கம், வீட்டில் எத்தனை பேர், மலசலகூடம் இருக்கா என்று கேட்டார்கள். அவர் சொன்னார், அவர்கள் போனார்கள். உங்கள் மேல் அவருக்கு ஒரு கோபமும் இல்லை. ஆகவே அழுவதை விட்டுவிட்டு ஒன்று செய்யுங்கள். அந்த ஒழுங்கைக்கான முடிவை மட்டும் அரைப்பக்கத்தில் எழுதுங்கள்: இத்தனை வீடு பார்த்தோம், இத்தனை இடத்தில் குடம்பி, அதில் அதிகம் இருந்தது இன்ன பாத்திரத்தில், கிழமைக்கொருக்கால் ஊற்றிக் கழுவினால் போதும், ஏனென்றால் முட்டை நுளம்பாக 7 முதல் 10 நாள் எடுக்கும். யாருடைய பெயரும் வேண்டாம். அனுமதி எடுத்து, பரிசோதகர் அந்தப் பக்கம் போகிற நாளில் அவரோடு போய் வீட்டுக்கு வீடு கொடுங்கள். குடும்பநல உத்தியோகத்தரையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் கைக்குழந்தை என்று அவருக்கு மனப்பாடம். அவர் கூட வந்தால் திறக்காத கதவும் திறக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வீட்டுக்குள் பார்த்ததை வெளியில் சொல்லாதீர்கள். ஊர் சின்னது. இன்ன வீட்டில் காசநோய், இன்னார் குடித்துவிட்டுக் கிடந்தார் என்று பஸ்ஸில் சிநேகிதியிடம் சொன்னால் முன் சீற்றில் அவருடைய மச்சாள் இருப்பார். பிள்ளைகளைப் படமெடுத்து முகநூலில் போடச் சொன்னால், தாய் தகப்பன் சம்மதிக்காமல் முடியாது என்று சொல்லுங்கள். சொல்லுகிறவர் பணிப்பாளராக இருந்தாலும்தான்.

பஸ் காசுக்கு வருவோம். அதைக் கேட்பதில் வெட்கம் என்ன? வெளிக்களத்துக்கு அனுப்புகிறவர்கள் போக்குவரத்துச் செலவு தருவதுதான் முறை. எழுத்தில் கேளுங்கள். தனியாக அனுப்பினால் போகாதீர்கள், இருவராகப் போவோம் என்று சொல்லுங்கள்.

அறிக்கையில் “பல அனுபவங்களைப் பெற்றேன்” என்று எழுதவேண்டாம். பூட்டிய வீட்டுக் கணக்கை எழுதுங்கள். படகுக்குக் கட்டம் இல்லாததை எழுதுங்கள். ஒழுங்கைக்குத் திருப்பிக் கொடுத்த அரைப்பக்கத்தைப் பின்னிணைப்பாக வையுங்கள். கொடுக்க விடவில்லை என்றால், கேட்ட திகதியையும் கிடைத்த பதிலையும் எழுதுங்கள். உங்கள் பயிற்சிக்குப் பொறுப்பான விரிவுரையாளரிடம் மூன்றாம் மாதம் வரை காத்திராமல் இந்தக் கிழமையே போய்ப் பேசுங்கள். அடுத்த தொகுதி மாணவர்களை அந்த நிறுவனத்துக்கு அனுப்புவதா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான்.