ஏ முதல் ஈ வரை: ஈரல் அழற்சி வைரஸ்கள், கேள்வி பதில்

(கொழும்பு வாசகர்களின் கேள்விகளுக்கு ஈரல் நோய் மருத்துவர் ஒருவர் பதிலளிக்கிறார்.)

வெள்ளவத்தை: மகனுக்கு 14 வயது. கண் மஞ்சள், சலம் தேத்தண்ணி நிறத்தில் போகுது. ரிப்போர்ட்டில் ஏ வகை என்று இருக்கு. தட்டு, கோப்பை எல்லாம் வேறாக்க வேணுமா டொக்டர்?

வேறாக்குவதில் இப்போது பெரிய பலன் இல்லை. ஏ வைரஸ் மலத்தில் அதிகம் வெளியேறுவது கண் மஞ்சளாவதற்கு முந்திய இரண்டு கிழமைகளில். அந்த நாட்களில் ஒரே வீட்டில்தான் இருந்திருப்பீர்கள். மஞ்சள் தொடங்கி ஒரு கிழமை பாடசாலை வேண்டாம், சமையலில் கை வைக்கவும் விடாதீர்கள். கழிவறை போய் வந்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும். இந்த வைரஸுக்கு வெளிக் கொழுப்புறை இல்லாததால் சானிடைசர் அதை நன்றாக அழிக்காது. ஊசி போடாத மற்றப் பிள்ளைகளுக்கு, தொற்றுக்கு ஆளாகி 14 நாட்களுக்குள் தடுப்பூசி போட்டால் பலன் உண்டு. அறிகுறி காட்ட 15 முதல் 50 நாட்கள் எடுக்கும் என்பதால் அடுத்த மாதமும் கவனமாக இருங்கள்.

கொட்டாஞ்சேனை: ஏ வகை வந்தவருக்கு எண்ணெய், மீன் எல்லாம் நிறுத்தி, கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுக்கச் சொல்கிறார் மாமி. சரியா?

பத்தியம் தேவையில்லை. மீன், முட்டை, பருப்பு கொடுங்கள். குமட்டல் பின்னேரத்தில்தான் கூடும், ஆகவே காலைச் சாப்பாட்டைப் பெரிதாக்குங்கள். ஏ வகை தானாகவே மாறுகிற நோய். அந்த நேரத்தில் எதைக் குடித்தாலும் அதற்குத்தான் பெயர் போகும்! என் பயம் கீழ்க்காய்நெல்லியை விட, என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத கலவை மருந்துகள் மேல்தான். அவற்றில் சில ஈரலையே தாக்கும். மதுபானம் அறவே கூடாது. பரசிற்றமோல் வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 2 கிராமைத் தாண்டக்கூடாது, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்கு. அதையும் கேட்டே எடுங்கள்.

எல்லோரும் இரத்தச் சோதனையில் எஸ்ஜிபிடி (ஈரல் பாதிப்பில் ஏறும் நொதியம்) ஆயிரக்கணக்கில் ஏறிவிட்டது என்று பதறுகிறார்கள். அந்த எண் நோயின் கடுமையைச் சரியாகச் சொல்லாது. இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆரைப் பாருங்கள். எஸ்ஜிபிடி இறங்க ஐஎன்ஆர் ஏறினால் ஈரல் தேறவில்லை, செயலிழக்கிறது. பகலில் தூங்கி வழிதல், பேச்சுத் தடுமாற்றம், முரசில் இரத்தம் கசிதல் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

பம்பலப்பிட்டி: நான் ஏழு மாதக் கர்ப்பிணி. எந்த வகைக்குப் பயப்பட வேணும்?

உங்களுக்கு ஈ வகை, பிள்ளைக்கு பி வகை.

ஈ வகையும் ஏ போல அசுத்தமான தண்ணீரால் வருவது, மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாக மாறிவிடும். ஆனால் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் 20 முதல் 25 சதவீதம் வரை உயிரிழப்பு பதிவாகியுள்ளது. கொதித்தாறிய நீர் மட்டும் குடியுங்கள். வெளியில் ஐஸ் போட்ட சர்பத் வேண்டாம். இந்தியாவுக்கு யாத்திரை போகும் யோசனை இருந்தால் பிரசவம் முடியட்டும்.

பி வகைக்கு எச்பிஎஸ் அன்டிஜன் (பி வைரஸின் மேலுறைப் புரதம்) சோதனையைக் கிளினிக்கில் கேட்டுச் செய்யுங்கள். பொசிட்டிவ் என்றால் பிள்ளை பிறந்து 12 மணித்தியாலத்துக்குள் பி தடுப்பூசியும் இமியூனோகுளோபுலினும் (ஆயத்தமான எதிர்ப்புப் பொருள் ஊசி) போடவேண்டும், ஆகவே பிரசவத்துக்கு முன்பே ஒழுங்கு செய்யவேண்டும். இரத்தத்தில் வைரஸ் அளவு மில்லிலீற்றருக்கு 2,00,000 அலகைத் தாண்டினால் தாய்க்கு வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையும் கொடுப்பார்கள். இவ்வளவு அவசரம் ஏனென்றால், பிறப்பில் தொற்றிய பிள்ளைகளில் சுமார் 90 சதவீதத்தினருக்கு அது நாட்பட்ட நோயாகத் தங்கிவிடும். வளர்ந்தவர்களில் அப்படித் தங்குவது 5 சதவீதத்துக்கும் குறைவு.

தெமட்டகொடை: கட்டார் போக மெடிக்கல் எடுத்தேன். எச்பிஎஸ் அன்டிஜன் பொசிட்டிவ். எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே?

பி வகை பல வருடம் சத்தமின்றி இருக்கும், வருத்தம் இல்லை என்பது ஆதாரமாகாது. முதலில் ஒன்று: மெடிக்கலுக்குச் சற்று முன் பி தடுப்பூசி போட்டீர்களா? ஊசியில் இருப்பதும் அதே அன்டிஜன்தான். மூன்று கிழமை வரை சோதனை பொய்யாகப் பொசிட்டிவ் காட்டலாம். ஒரு மாதம் கழித்துத் திரும்பச் செய்து, கோர் அன்டிபொடியையும் (வைரஸின் உட்பகுதிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்) பாருங்கள். அது ஊசியால் வராது, உண்மையான தொற்றால் மட்டுமே வரும்.

ஊசி போடவில்லையென்றால் ஆறு மாதம் கழித்தும் பொசிட்டிவாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இருந்தால் நாட்பட்ட தொற்று: வைரஸ் அளவு, ஈரல் ஸ்கேன், தொடர் கிளினிக். மனைவியையும் சோதித்து, தொற்றில்லை என்றால் 0, 1, 6 மாதங்களில் மூன்று ஊசி. பிள்ளைகளையும் சோதியுங்கள், அவர்களின் 2, 4, 6 மாத ஊசிகளில் பி அடங்கியிருக்கும். ஒரே தட்டில் சாப்பிடலாம். சவர அலகு, பல்துலக்கி, நகவெட்டி மட்டும் தனியாக இருக்கட்டும், காய்ந்த இரத்தத்திலும் இந்த வைரஸ் ஏழு நாள் உயிரோடிருக்கும்.

மருதானை: சி வகைக்கு ஊசி இருக்கா?

இல்லை, ஆனால் குணமாக்கும் மாத்திரை உண்டு. சோஃபோஸ்புவிர், வெல்பட்டாஸ்விர் கூட்டு மாத்திரையை 12 கிழமை எடுத்தால் 95 சதவீதத்துக்கும் மேலானோருக்கு வைரஸ் முற்றாக நீங்கும். அன்டிபொடி பொசிட்டிவ் என்பதை மட்டும் வைத்துத் தொடங்கக்கூடாது, தானாகக் குணமானவர்களுக்கும் அது இருக்கும். வைரஸ் இப்போதும் இரத்தத்தில் இருக்கிறதா என்று காட்டும் ஆர்என்ஏ சோதனைதான் முடிவு.

தெஹிவளை: டி வகை?

பி இல்லாமல் டி இல்லை. பி ஊசியே போதும்.

கிராண்ட்பாஸ்: வெள்ளம் வடிந்து பத்து நாளில் தம்பிக்குக் காய்ச்சல், கண்ணும் மஞ்சள். ஏ வகையா?

காத்திருக்க வேண்டாம், இன்றே கொண்டுபோங்கள். வைரஸ் வகைகளில் மஞ்சள் தெரியும்போது காய்ச்சல் பெரும்பாலும் விட்டிருக்கும். மஞ்சளோடு காய்ச்சலும் எரிந்தால், கெண்டைக்கால் வலி, சிவந்த கண், சலம் குறைதல் சேர்ந்தால் எலிக்காய்ச்சலைத்தான் முதலில் நினைக்கவேண்டும். அதற்கு அன்டிபயோட்டிக் உண்டு, பிந்தினால் சிறுநீரகம் போய்விடும். வெள்ளத்தண்ணியில் நின்றதை டொக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.