விடுமுறையில் வீட்டாரோடும் இருக்க வேண்டும், படித்த கல்லூரியையும் பார்க்க வேண்டும்: இரண்டும் முடியுமா?

"குளிர்கால விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிறேன். கூடவே படித்த கல்லூரி, அந்த நாட்களில் சுற்றிய இடங்கள் எல்லாவற்றையும் பார்க்க ஆசை. நேரம் போதுமா, போனால் ஏமாற்றமாக இருக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரம் போதும், இரண்டுக்கும் சரிபாதியாகப் பங்கு போடாமல் இருந்தால். வீட்டுக்கு நாட்கள் வேண்டும். கல்லூரிக்கு ஒரு பிற்பகல் தாராளம். நானும் இப்படி விடுமுறைகளில் போய் வருகிறவன்தான். கல்லூரிக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியபோதெல்லாம் பாதி நாளுக்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருக்கிறேன்.

ஏமாற்றத்தைப் பற்றிக் கேட்டதால் கல்லூரியிலிருந்தே தொடங்குகிறேன். உங்களுக்கு விடுமுறை என்றால் பெரும்பாலும் கல்லூரிக்கும் விடுமுறைதான். ஆசையாகப் போய் நிற்பவர்கள் மறந்துவிடுவது இதைத்தான். விடுதி பூட்டியிருக்கும். நூலகம் திறந்திருந்தாலும் அரை நேரம்தான். கான்டீனில் நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வாசலில் இருக்கும் காவலருக்கு நம்மைத் தெரியாது, நம்மிடம் இருக்கும் பழைய அடையாள அட்டையும் அவருக்குப் பொருட்டில்லை. அதனால் போவதற்கு முன்பே அலுவலகத்துக்கோ பழைய மாணவர் சங்கத்துக்கோ ஒரு மின்னஞ்சல் போட்டு, எந்த நாளில் உள்ளே விடுவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியர் யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் வகுப்புகள் முடிவதற்கு முந்தைய ஓரிரு நாட்களே சரியான நேரம். விடுமுறை தொடங்கிவிட்டால் அவரும் தன் வீட்டுக்குப் போயிருப்பார். எனக்கென்னவோ காலியான கல்லூரிதான் பிடிக்கும். "யார் நீங்கள்?" என்று கேட்க ஆளில்லை, நாம் உட்கார்ந்த இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பதையும் பார்க்க வேண்டியதில்லை.

அப்புறம், ஏமாற்றம். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1688இல் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற இளைஞர் பாசெல் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த மருத்துவ ஆய்வேட்டில், வீட்டை விட்டுத் தொலைவில் இருப்பவர்களின் ஏக்கத்தை ஒரு நோயாகவே எழுதினார். வேறு மருந்து பலிக்காவிட்டால் நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுவதே வைத்தியம். அதற்கு நூறாண்டுக்குப் பிறகு, 1798இல், தத்துவவாதி இமானுவேல் காண்ட் இதையே வேறு கோணத்தில் பார்த்தார். ஏங்கித் திரும்பி வருகிறவர்கள் வந்ததும் ஏமாந்துபோகிறார்கள், அந்த ஏமாற்றத்திலேயே நோயும் தீர்ந்துவிடுகிறது என்றார். ஊர் மாறிவிட்டது என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அங்கே கழித்த இளமையைத்தான் திரும்பக் கொண்டுவர முடியவில்லை என்பது அவர் கணிப்பு. தன் ஊரான கோனிக்ஸ்பெர்க்கையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் விட்டு அநேகமாக வெளியே போகாத மனிதர் இதை எழுதினார் என்பதுதான் வேடிக்கை. ஆனாலும் என் அனுபவத்தில் அவர் சொன்னது சரி. புதுக் கட்டடம் எழும்பியிருந்தால் அதன் மேல் கோபம் வருகிறது. எதுவுமே மாறாமல் இருந்தாலோ இன்னும் மோசம், கோபத்தைக் காட்ட ஆள் கிடைப்பதில்லை.

அப்படியானால் எதற்குப் போக வேண்டும்? நினைவுக்காகப் போகலாம். 1975இல் கோடன், பேட்லி என்ற இரு உளவியலாளர்கள் முக்குளிப்பவர்களைச் சில சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், சிலவற்றை நீருக்கடியில், சிலவற்றைக் கரையில். படித்த இடத்திலேயே கேட்டபோது அதிகச் சொற்கள் நினைவுக்கு வந்தன. பிற்காலத்தில் இதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதை வைத்து யாரிடமும் பந்தயம் கட்டிவிடாதீர்கள். ஆனால் எங்கள் துறையின் மாடிப்படி வளைவில் நின்றபோது, எங்கோ தொலைந்துபோயிருந்த பெயர்கள் பட்டப்பெயர்களோடு சேர்ந்து வரிசையாக வந்தன. யாரோடு என்ன சண்டை என்பதும் வந்தது, காரணம் மட்டும் வரவில்லை. வயதானவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், ஏறத்தாழ பத்து வயதிலிருந்து முப்பது வரையிலான காலத்து நினைவுகளே கூடுதலாக வரும் என்பது உளவியலில் பலமுறை பார்க்கப்பட்ட விஷயம். கல்லூரி அதன் நட்டநடுவில் இருக்கிறது. தனியாக நின்று கட்டடத்தைப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். கூடப் படித்த ஒருவரோடு போய், எந்த ஜன்னல் நம் வகுப்பு என்று சண்டை போட்டால்தான் பிற்பகல் முழுக்க ஓடும்.

அந்த ஒருவரை எப்படிக் கூப்பிடுவது என்ற தயக்கம் எல்லோருக்கும் உண்டு. "இத்தனை வருஷம் பேசாமல் திடீரென்று எப்படி?" என்று யோசித்தே விடுமுறை முடிந்துவிடும். 2022இல் பெக்கி லியூவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான்: நாம் தொடர்புகொள்ளும்போது எதிரில் இருப்பவர் எவ்வளவு மகிழ்வார் என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம், எதிர்பாராமல் வரும் தொடர்பென்றால் அந்த மகிழ்ச்சி இன்னும் கூடுகிறது. ஆகவே இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் "யாரெல்லாம் வரீங்க?" என்று கேட்காதீர்கள். இருபது பேர் கட்டைவிரலைக் காட்டுவார்கள், அந்த நாளில் ஒருவர் வந்தால் அதிகம். அவரவருக்கும் அதே வாரத்தில் அவரவர் வீடு இருக்கிறது. ஒருவரிடமோ இருவரிடமோ தனித்தனியாகக் கேட்டு, நாளையும் நேரத்தையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டிலிருந்து போகிறீர்கள் என்றால் முதல் சில நாட்களைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். ஒரு நேர மண்டலத்துக்கு ஒரு நாள் என்று உடம்பு மெதுவாகத்தான் சரியாகும், கிழக்கு நோக்கிப் பறந்தால் இன்னும் இழுக்கும். சாப்பாட்டு மேசையில் தூங்கி வழிந்தால் அம்மா மன்னித்துவிடுவார். முக்கியமான பேச்சுகளை மட்டும் அந்த நாட்களில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பார்க்க வேண்டிய சொந்தக்காரர்களின் பட்டியல் ஒன்று வீட்டில் தயாராக இருக்கும். எல்லா வீட்டுக்கும் போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது பயணத்தில் களைப்பான பகுதி, பலனும் குறைவு. நடமாட முடியாத பெரியவர்களை நீங்கள் போய்ப் பாருங்கள், மற்றவர்களை ஒரே நாளில் வீட்டுக்கு வரச் சொல்லிவிடலாம். மிச்ச நாட்களில் அப்பா வங்கிக்குப் போனால் கூடப் போங்கள், கண் மருத்துவரிடம் போனால் கூடப் போங்கள். அப்பா படியில் எந்தக் காலை முதலில் வைக்கிறார், படிவத்தை எவ்வளவு தள்ளிப் பிடித்துப் படிக்கிறார் என்பதெல்லாம் வீடியோ அழைப்பில் தெரியாது. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று போனில் சொன்னதற்கும் நேரில் பார்ப்பதற்கும் உள்ள தூரம் இப்படிப்பட்ட வேலைகளில்தான் தெரியவரும். அக்காவும் நானும் சேர்ந்துவிட்டால் ஒரே நாளில் பழைய பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆகிவிடுகிறோம், யார் ரிமோட்டை எடுத்தது என்பது வரைக்கும். அதைத் திருத்தப் பார்க்காதீர்கள், அது திருந்தாது.

வீட்டில் யாரையாவது கல்லூரிக்குக் கூட்டிப்போகலாமா என்றும் யோசிப்பீர்கள். சின்னப் பிள்ளைகள் வேண்டாம், மைதானம் தவிர வேறெதுவும் அவர்களுக்குப் பிடிக்காது. ஆனால் அம்மாவையோ அப்பாவையோ கேட்டுப் பாருங்கள். என் அம்மா என்னைச் சேர்த்துவிட்ட நாளில் விடுதி வாசலோடு திரும்பிப் போனவர். ஒருமுறை கூட்டிப்போனபோது, நான் காட்ட நினைத்த எதையும் அவர் பார்க்கவில்லை. "எங்க நின்னு எனக்கு போன் பண்ணுவ?" என்று கேட்டார். காட்டினேன். "இங்கயா? இவ்வளவு சத்தத்துலயா?" என்றவர், காய்ச்சல் வந்தபோது யார் பார்த்துக்கொண்டார்கள், தேர்வு சரியாக எழுதாத நாளில் எங்கே போய் உட்கார்ந்திருந்தேன் என்று கேட்டுக்கொண்டே வந்தார். போனில் நான் பூசி மெழுகிய பல விஷயங்களுக்கு அன்றைக்குத்தான் நேர்ப் பதில் கிடைத்தது அவருக்கு.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். வட அரைக்கோளத்தில் டிசம்பர் 21, 22 வாக்கில்தான் பகல் மிகக் குறைவு, ஆகவே மதியத்துக்கு முன்பே கிளம்பிவிடுங்கள். கல்லூரிப் பயணத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளாமல் விடுமுறையின் நடுவில் வையுங்கள். பழைய நண்பர் யாராவது "நாளைக்கு வீட்டுக்கு வா" என்று கூப்பிட்டால் போக ஒரு நாளாவது கையில் இருக்க வேண்டும்.