ஆய்வரங்கில் கட்டுரை வாசிப்பது எதற்காக? – கேள்வி பதில்

கேள்வி: கருத்தரங்குகளில் கட்டுரை வாசிப்பதால் வரலாற்று ஆய்வு உண்மையில் வளர்கிறதா, ஐயா? பலர் சான்றிதழுக்காகவே வருகிறார்களே? – ஆய்வு மாணவி, திருச்சி

பதில்: அப்படி வருவோர் உண்டு; எனக்கும் அது வருத்தமே. ஆனால் தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவமான தமிழ் பிராமி படிக்கப்பட்ட விதத்தைப் பாருங்கள், அம்மா. குகைகளில் சமணர் படுக்கைகளை ஒட்டி வெட்டப்பட்ட அந்த எழுத்துகளைப் பற்றி, 1919இல் புனேயில் கூடிய முதல் அகில இந்திய கீழ்த்திசை மாநாட்டில் கல்வெட்டறிஞர் எச். கிருஷ்ண சாஸ்திரி கட்டுரை வாசித்தார். சில தமிழ்ச் சொற்கள் தெரிந்தனவே தவிர, வாசகங்கள் முழுதாகப் பிடிபடவில்லை. 1924இல் சென்னையில் நடந்த மூன்றாம் மாநாட்டில் கே.வி. சுப்பிரமணிய ஐயர், ழ, ள, ற, ன ஆகியவற்றுக்குத் தனி வடிவங்கள் இருப்பதையும், வடமொழிக்குரிய ஒலிப்பெழுத்துகள் (ga, da, ba போன்ற ஒலிகளுக்கான எழுத்துகள்) ஏறக்குறைய இல்லாததையும் காட்டி, மொழி தமிழே என நிறுவினார். முதல் கட்டுரை நிறைவு பெறாததாக இருந்தும் அவையில் வைக்கப்பட்டதால்தான் அடுத்தவர் அங்கிருந்து தொடங்க முடிந்தது.

கேள்வி: எங்கள் ஊருக்கு அருகிலுள்ள புகளூர்க் கல்வெட்டுக்கு இதில் இடமுண்டா? – பள்ளி ஆசிரியர், கரூர்

பதில்: பெரிய இடமே உண்டு. புகளூரின் ஆறுநாட்டார் மலையில் ‘கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன் மகன் இளங்கடுங்கோ’ என்று மூன்று தலைமுறைச் சேரர் பெயர்களைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தபோது, பதிற்றுப்பத்து பாடும் இரும்பொறை மரபுக்குக் கல்லிலேயே சான்று கிடைத்தது. அவர் தொகுத்த தமிழ் பிராமிக் கல்வெட்டுகள், சென்னையில் 1966இல் நடந்த கல்வெட்டுக் கருத்தரங்கின் வழியாகவே அறிஞர் பார்வைக்கு வந்தன. அதே ஆண்டு கோலாலம்பூரில் கூடிய முதல் உலகத் தமிழ் மாநாட்டிலும் அவர் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார்.

கேள்வி: பதினைந்து பக்கக் கட்டுரையைப் பத்து நிமிடத்தில் எப்படி வாசிப்பது? – முனைவர் பட்ட மாணவர், மதுரை

பதில்: முழுதும் வாசிக்க முயலாதீர்கள், தம்பி. உங்கள் புதிய முடிவு எது, அது எந்தச் சான்றில் நிற்கிறது என்ற இரண்டை மட்டும் சொல்லுங்கள். கல்வெட்டாக இருந்தால் மைப்படியை (கல்லின் மேல் தாளை ஒற்றி மையிட்டு எடுத்த படியை)த் திரையில் காட்டி, ஐயமுள்ள எழுத்தை நீங்களே சுட்டிக்காட்டுங்கள்.

கேள்வி: கல்வெட்டெழுத்தை நான் படித்தது தவறென்று மூத்தவர் ஒருவர் அவையில் எழுந்து சொன்னால்? – அதே மாணவர்

பதில்: அவர் எந்த எழுத்தை எப்படிப் படிக்கிறார் என்று கேட்டு, அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பியதும் மைப்படியோடு நிறுத்தாமல், பாறைக்கே போய்ப் பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த எழுத்தை மீண்டும் பாருங்கள். அவர் சொன்னது சரியென்றால், அச்சுக்குத் தரும் கட்டுரையில் அவர் பெயரைச் சொல்லித் திருத்திவிடுங்கள்.