முடிச்சை அவிழ்ப்பதற்கு முன்

சீனன்குடாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: ‘இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை பார்த்த அம்மப்பாவின் றங்குப்பெட்டியில், நாடாவால் கட்டிய ஆங்கிலக் கடிதக்கட்டு கிடைத்தது. மேலே தெரிகிற கையெழுத்துகளைப் பார்த்தால், பிரித்தானியக் கடற்படை விமானி ஒருவரும் அவர் மனைவியும் எழுதியவை. கூடவே துணியில் தைத்த இறக்கைச் சின்னம், பட்டுக் கைக்குட்டை, சில படங்கள். மாரி தொடங்குமுன் வெயிலில் காயவைத்து லமினேட் செய்யலாமா?’

இரண்டுமே வேண்டாம். வெயில் மையை வெளுக்கவைக்கும், தாளை நொறுங்கவைக்கும். லமினேட் செய்த தாளைத் திரும்ப எடுக்கவே முடியாது. கிழிந்த இடத்தில் டேப்பும் ஒட்டாதீர்கள், அதன் பசை சில வருடங்களில் பழுப்புக் கறையாகிவிடும்.

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காற்று உலர்ந்திருக்கும், பிரிக்க அதுதான் நல்ல நேரம். ஆனால் யன்னலைச் சாத்துங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்தால் போதும். துணிக் கையுறை போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாமல் கிழிந்துவிடும். படங்களைத் தொடும்போது மட்டும் போடுங்கள்.

அவிழ்ப்பதற்கு முன் கட்டை நாலு பக்கமும் படம் பிடியுங்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, இருந்த வரிசையிலேயே இலக்கமிட்ட தாளுறைகளில் வையுங்கள். திகதிப்படி அடுக்கக் கை துறுதுறுக்கும், பொறுங்கள். விமானி இங்கே இருந்தவர் என்றால், அவர் எழுதியவை இங்கிலாந்துக்குப் போயிருக்க வேண்டும். மனைவியின் கடிதங்கள் மட்டும்தானே இங்கே மிஞ்சும்? இருவருடையதும் ஒரே கட்டுக்குள் இருப்பது எனக்குப் புதிராக இருக்கிறது. விமானியின் உறைகளில் தபால் முத்திரை குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவை அனுப்பப்படாதவையாக இருக்கலாம். வரிசை கலைந்தால் இந்தத் துப்பும் போய்விடும்.

‘திருகோணமலை’ என்ற பெயரைக் கடிதங்களில் தேடி ஏமாறாதீர்கள். தணிக்கைக் காலம், இடப்பெயர் எழுத விடமாட்டார்கள். உங்கள் ஊர் விமானத்தளத்துக்கே கடற்படை ‘எச்.எம்.எஸ். பம்பாரா’ என்று கப்பலைப் போலத்தான் பெயர் வைத்திருந்தது. உறையில் அது இருந்தால் கடலில் தேட வேண்டாம். 1942 ஏப்ரல் 9 இங்கே யப்பானியர் குண்டு போட்ட நாள். விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியதும் அன்றுதான். அதை ஒட்டிய திகதிகள் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

உள்ளங்கை அளவில், படம் போலப் பளபளக்கும் கடிதங்கள் இருந்தால் அவை ‘ஏர்கிராஃப்’. எழுதியதை நுண்படச் சுருளில் பிடித்து அனுப்பி, போய்ச் சேரும் இடத்தில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். அவற்றைப் புகைப்படமாகவே நடத்துங்கள்.

கடற்படை விமானிகளின் இறக்கைச் சின்னம் சீருடையின் இடது கைப்பகுதியில் இருந்தது. பொன்னிழை கறுத்திருந்தாலும் தேய்க்காதீர்கள். பட்டுக் கைக்குட்டையைத் துவைக்கவோ இஸ்திரி போடவோ கூடாது. மடிக்காமல், கஞ்சி போடாத வெள்ளைத் துணியோடு சுருட்டி வையுங்கள். எல்லாம் அமிலமற்ற அட்டைப்பெட்டியில், உட்சுவர்ப் பக்க அலுமாரியின் மேல்தட்டில் இருக்கட்டும். துருப்பிடித்த றங்குப்பெட்டிக்குள் திரும்ப வைக்க வேண்டாம். பூச்சிக்கு வேப்பிலை போடுவார்கள், அதுவும் வேண்டாம், பச்சை இலை ஈரம் விடும்.

இணையத்தில் போட அவசரப்படாதீர்கள். தாள் உங்கள் கையில் இருந்தாலும் எழுத்தின் உரிமை எழுதியவர்களின் வாரிசுகளுடையது. பெயர் தெரிந்ததும் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் தேடுங்கள். திருகோணமலை நிலாவெளி வீதியிலுள்ள போர்க் கல்லறையில் இல்லையென்றாலும், உடல் கிடைக்காத கடற்படை விமானிகளின் பெயர்கள் இங்கிலாந்தின் லீ-ஆன்-சோலண்ட் நினைவுச்சின்னத்தில் உள்ளன. இரண்டிலும் இல்லையென்றால் அவர் வீடு திரும்பியிருக்கலாம். அப்போது பேரப்பிள்ளைகளைத் தேட வேண்டியிருக்கும். முத்திரை விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.