அசலூர்த் தெருவுல ஓடின காளை

அண்ணா வணக்கம். நான் குடியாத்தம் பக்கம், மெக்கானிக்கல் மூணாவது வருஷம். ஃபார்முலா 1க்கு ஒரு படி கீழ இருக்கிற ஃபார்முலா 2 கார் ரேஸ விடாம பாக்குறவன். 2005ல ஜிபி2ன்னு ஆரம்பிச்சதுலேர்ந்து 2025 வரைக்கும் சாம்பியன் ஆனவங்க எல்லாரையும் திறமைப்படி வரிசை போட்டேன். மேல லெக்லெர், ஹாமில்டன், பியாஸ்ட்ரி, ரஸ்ஸல். கடைசியில வால்செக்கி, லைமர், ட்ரூகோவிச், புர்ஷேர். இந்த நாலு பேரும் ஃபார்முலா 1ல ஒரு ரேஸ் கூட ஓட்டல, அதனால வேஸ்ட்டுன்னு போட்டிருக்கேன். என் கேள்வி, பியாஸ்ட்ரியும் போர்டலெட்டோவும் ஃபார்முலா 3 ஜெயிச்ச அடுத்த வருஷமே ஃபார்முலா 2வும் ஜெயிச்சாங்க, இதுல யாரு பெரிய டேலன்ட்? அப்புறம் ஃபோர்னரோலி 2024ல ஒரு ரேஸ் கூட ஜெயிக்காம ஃபார்முலா 3 சாம்பியன் ஆனாரே, அதெல்லாம் கணக்குல சேருமா?

தம்பி,

உன் மெயில் வந்து பத்து நாள் ஆகுது. உடனே பதில் போடாததுக்குக் காரணம் கோவம். 'வேஸ்ட்'டுன்னு நாலு பேருக்கு நேரா எழுதி வெச்சிருக்க பாரு, அதப் படிச்சிட்டு லேப்டாப்ப மூடி வெச்சிட்டேன். ஆனா குடியாத்தத்துல உக்காந்துகிட்டு ஒரு புள்ள இருபது வருஷத்து சாம்பியன வரிசை போடுதேன்னு சந்தோஷமும் இருந்துச்சு, அதையும் சொல்லணும்ல. நம்ம ஊர்ப்பக்கம் அரக்கோணத்துல எம்ஆர்எஃப் டயர் செய்யுறாங்க, மெட்ராஸ் பஸ் ஏறினா இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கத் தாண்டித்தான் போறோம், ஆனா ரேஸப் பத்திப் பேசறதுக்கு இங்க ஆளு கிடைக்காது.

ஃபோர்னரோலி விஷயம் சின்னது. வருஷம் பூரா பாயின்ட்ஸ் விடாம எடுத்தான், சாம்பியன் ஆனான், 2025ல ஃபார்முலா 2ல ரேஸும் ஜெயிச்சு சாம்பியனும் ஆனான். அதுக்கு மேல அதுல பேச ஒண்ணுமில்ல.

நான் பேச நினைக்கிறது எங்க மாமாவோட செவலைக் காளையப் பத்தி. நீ குடியாத்தம்கிறதால உனக்கு மாடு விடுற திருவிழா தெரிஞ்சிருக்கும். தெருவுக்கு ரெண்டு பக்கமும் சவுக்குக் கட்டை கட்டி, ஒவ்வொரு மாடா அவுத்து விட்டு, எல்லைக் கோட்டத் தாண்ட எத்தனை செகண்டுன்னு வாட்ச்ல பாத்து மைக்குல சொல்லுவாங்க, கம்மி செகண்ட்ல ஓடின மாட்டுக்கு ஃபர்ஸ்ட் பிரைஸ். மதுரைப் பக்கம் மாதிரி திமிலப் புடிக்கறது கிடையாது, இது முழுக்க ஓட்டம்தான். மாமா அந்தச் செவலைய கன்னுக்குட்டியில வாங்கி, பாலாத்து மணல்ல தினமும் விடியக்காலைல ஓட்டி வளத்தாரு. எங்க ஊர்த் திருவிழாவுல அது முதல் வருஷமே ஜெயிச்சுச்சு, ஊரே மாமா வீட்டு வாசல்ல நின்னு ஆடுது, மாமா மட்டும் திண்ணைல உக்காந்து பீடி புடிச்சுகினு இருக்காரு. ஏன் மாமான்னு கேட்டேன். "இன்னாடா இருக்கு இதுல, தெனம் தண்ணி குடிக்கப் போற தெரு, எந்த மூலைல நாய் படுத்துனு கீதுன்னு கூட அதுக்குத் தெரியும். அசலூர்த் தெருவுல அவுத்து விட்டா ஓடுதான்னு பாக்கணும்"னாரு.

அடுத்த தை மாசம், 2014, வேலூர் அணைக்கட்டு பக்கம் ஒரு ஊருக்கு டெம்போல ஏத்திட்டுப் போனோம். அதுவரைக்கும் அது பாக்காத தெரு, நடுவுல லேசா ஒரு வளைவு வேற, கூட்டம் நம்ம ஊரவிட மூணு மடங்கு. அவுத்து விட்டதும் ஒரு நொடி நின்னுச்சு, தலையத் தூக்கி தெருவப் பாத்துச்சு. அதுக்கப்புறம் அது ஓடினத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன் தம்பி, வளைவுல உள்பக்கமா ஒட்டிப் போச்சு, யாரு சொல்லிக் குடுத்தா அதுக்கு? ஃபர்ஸ்ட் பிரைஸ். அன்னிக்குத்தான் மாமா அழுதாரு.

சாம்பியன எடை போடறதுக்கு என்கிட்ட இருக்கிற தராசு இதான், வேற கிடையாது. ஃபார்முலா 2ல எல்லாருக்கும் ஒரே டல்லாரா காரு, ஒரே மெக்காக்ரோம் இன்ஜினு, ஒரே பிரெல்லி டயரு. அப்புறம் வித்தியாசம் எங்க வருதுன்னா, டீம் எப்படி செட்டப் பண்ணுதுங்கறதுல கொஞ்சம், அந்த டயர ஓட்டுறவன் எவ்ளோ சீக்கிரம் புரிஞ்சுக்கறாங்கறதுல நிறைய. வெள்ளிக்கிழமை முக்கால் மணி நேரம் பிராக்டிஸ், அன்னிக்கே அரை மணி நேரம் குவாலிஃபையிங், அவ்ளோதான். டயரு சூடு ஏறி சீக்கிரம் போயிடும், எந்த லேப்ல அழுத்தணும் எந்த லேப்ல பொறுத்துக்கணும்னு உடம்புல ஏறணும், அது ஏற பெரும்பாலானவங்களுக்கு ரெண்டு மூணு வருஷம் ஆகுது. அதனாலதான் யாரு சாம்பியன்னு கேக்கறதுக்கு முன்னாடி எத்தனாவது வருஷத்துல சாம்பியன்னு கேளுன்னு சொல்றேன். ஹாமில்டன் 2006ல முதல் வருஷம். ஹுல்கென்பெர்க் 2009ல முதல் வருஷம். லெக்லெர் 2017, ரஸ்ஸல் 2018, பியாஸ்ட்ரி 2021, போர்டலெட்டோ 2024, எல்லாம் முதல் வருஷம். மால்டொனாடோ நாலாவது வருஷம், லைமர் நாலாவது, வால்செக்கி அஞ்சாவது. உன் லிஸ்ட்ல ஹுல்கென்பெர்க் எங்க இருக்காருன்னு தேடினேன், மால்டொனாடோவுக்குக் கீழ போட்டிருக்க! 2012 ஸ்பெயின்ல மால்டொனாடோ ஃபார்முலா 1 ரேஸ் ஜெயிச்சாரு, ஹுல்கென்பெர்க் போடியம் ஏற 2025 சில்வர்ஸ்டோன் வரைக்கும், 239 ரேஸ் காத்திருந்தாரு, அதனாலதானே? பின்னாடி நடந்தத வெச்சு முன்னாடி நடந்ததுக்கு மார்க் போடக் கூடாதுடா. 2009ல பாக்காத தெருவுல ஓடினவன் ஹுல்கென்பெர்க், 2010ல மூணு வருஷம் நடந்து பழகின தெருவுல ஓடினவன் மால்டொனாடோ. மால்டொனாடோ திறமை இல்லாதவர்னு நான் சொல்லல. தராசுல எந்தத் தட்டு கீழ போகுதுன்னு சொல்றேன்.

இன்னொண்ணும் சேத்துக்கோ, அந்தத் தெருவுல கூட ஓடினது யாரு? ரஸ்ஸல் ஜெயிச்ச 2018ல ரெண்டாவது நாரிஸ், மூணாவது ஆல்பன். லெக்லெர் ஜெயிச்ச 2017ல ரெண்டாவது மார்க்கெலோவ், அந்த அளவுக்குப் போட்டி இல்ல. அதனால என் வரிசைல ரஸ்ஸல் வருஷம் லெக்லெர் வருஷத்துக்கு மேல வரணும், கணக்குப்படி. ஆனா லெக்லெர் அப்பா இறந்து சில நாள்தான் ஆகுது, அஜர்பைஜான் பாக்கு நகரத்து ரேஸுக்கு வந்து போல் எடுத்து, அதாவது முதல் இடத்துலேர்ந்து கிளம்புற இடத்தப் புடிச்சு, பெரிய ரேஸ ஜெயிச்சான் பத்தொம்பது வயசுல. அத எந்தத் தட்டுல வைக்கறதுன்னு எனக்குத் தெரியல, அதனால அவன மேலயே வெச்சிடறேன். நீ போட்டது சரிதான்.

இப்ப அந்த நாலு பேரு. செவலைக்கு வரேன். 2014 மே மாசம் தடை வந்துச்சு. 2015 தை கிடையாது, 2016 தை கிடையாது. மாடு ஓடறதுக்குன்னு ஒரு வயசு இருக்கு தம்பி, அந்த வயசு பூரா அது கொட்டாய்ல கட்டுல நின்னுச்சு. எங்கயாவது பறை மேளம் கேட்டா காத விறைச்சுகிட்டு எழுந்து நிக்கும், மாமா போய் கழுத்தத் தடவிக் குடுப்பாரு. 2017 ஜனவரியில சட்டம் வந்து திரும்ப மாடு விட ஆரம்பிச்சப்ப அதுக்கு முன்னங்கால்ல வீக்கம். டீக்கடைல ஒருத்தன், வாசல்ல ஆடினவங்கள்ல ஒருத்தன்தான், "அது இன்னா பெரிசா ஜெயிச்சுது, ரெண்டு பிரைஸு, வேஸ்ட்டு மாடு"ன்னான். மாமா எழுந்து போயிட்டாரு, அந்தக் கடைக்கு அப்புறம் அவர் போகவே இல்ல. நீ டைப் பண்ண வார்த்தை அந்த வார்த்தைதான், அதனாலதான் லேப்டாப்ப மூடினேன்.

ட்ரூகோவிச் 2022ல 265 பாயின்ட், ரெண்டாவது வந்த புர்ஷேர் 164. நூத்தியொரு பாயின்ட் வித்தியாசம்! மோன்சாலயே, கடைசி ரவுண்டு பாக்கி இருக்கும்போதே, முடிச்சிட்டான். மூணாவது வருஷம்தான், ஒத்துக்கறேன், ஆனா அவன் ஓட்டின டீம் அதுவரைக்கும் அவ்ளோ பெரிய டீமும் இல்ல. சாம்பியன் ஆனவன் திரும்ப ஃபார்முலா 2 ஓட்டக் கூடாதுன்னு விதி, மேல சீட்டு காலி இல்ல, அப்புறம் என்ன பண்ணுவான்? கொட்டாய்ல நிக்க வேண்டியதுதான். 2023ல சாம்பியன் ஆன புர்ஷேருக்கும் அதே கதை, 2024ல அமெரிக்கா போய் இண்டிகார்ங்கற அந்த ஊர்ப் பெரிய ரேஸ்ல ஒரு சீட்டு கிடைச்சு, அதையும் சீசன் நடுவுலயே எடுத்து வேற ஒருத்தனுக்குக் குடுத்தாங்க. வால்செக்கி 2013ல ஃபார்முலா 1 லோட்டஸ் டீமுக்கு ரிசர்வ், அந்த டீம்ல ஓட்டின ராய்க்கோனென் முதுகு வலின்னு கடைசி ரெண்டு ரேஸ் ஓட்டல, ரிசர்வ்னு ஒருத்தன் உக்காந்திருக்கான், அவனக் கூப்பிடாம கோவலைனெனக் கூட்டிட்டு வந்தாங்க. உன் லிஸ்ட்ல மேல இருக்கிற பியாஸ்ட்ரி கூட 2022 பூரா சும்மாதான் உக்காந்திருந்தான்டா! அடுத்த வருஷத்துக்கு ஒரு சீட்டு தொறக்கலன்னா அவனையும் நீ கீழ போட்டு வேஸ்ட்டுன்னு எழுதியிருப்ப.

எம்ஆர்எஃப் கம்பெனி நடத்தின எம்ஆர்எஃப் சேலஞ்ச் ரேஸ், 2016-17 சீசன எடுத்துப் பாரு. அதுல மிக் ஷூமாக்கரும் ஓட்டினான், சாம்பியன் ஆனது ஹாரிசன் நியூவி. மிக் அப்புறம் யூரோப்பியன் ஃபார்முலா 3ய ரெண்டாவது வருஷத்துல, ஃபார்முலா 2வ ரெண்டாவது வருஷத்துல ஜெயிச்சு ஃபார்முலா 1க்குப் போனான். ஹாரிசன் போகல. அந்த சீசன்ல யாரு வேகமா ஓட்டினாங்கறது இதனால மாறிடுமா?

பியாஸ்ட்ரியா போர்டலெட்டோவான்னு கேட்டல்ல. போர்டலெட்டோ 2024 மோன்சால கடைசி இடத்துலேர்ந்து கிளம்பி ஜெயிச்ச ரேஸ இன்னொரு தடவ முழுசாப் பாரு, எந்த லேப்ல பொறுத்துக்கறான்னு எழுதி வெச்சிக்கோ. எனக்கு பியாஸ்ட்ரிதான், ஃபார்முலா 3க்குக் கீழ இருந்த ரெனோ யூரோகப் 2019, ஃபார்முலா 3 2020, ஃபார்முலா 2 2021, மூணு வருஷம் தொடர்ச்சியா மூணு சாம்பியன்ஷிப், யூரோகப் ரெண்டாவது வருஷம்தான், ஆனா கடைசி ரெண்டும் அசலூர்த் தெரு.

லிஸ்ட்டத் திருத்தி அனுப்பு, அந்த வார்த்தைய எடுத்துட்டு. தை மாசம் அணைக்கட்டு பக்கம் மாடு விடுறப்ப சொல்றேன், ஸ்டாப்வாட்ச் எடுத்துட்டு வா. மாமாவும் வருவாரு, இப்ப மாடு இல்ல அவர்கிட்ட, ஆனா எல்லைக் கோட்டுப் பக்கத்துல இடம் புடிச்சு வெச்சிடுவாரு.