வாசகர் கேள்வி: பழைய வீடு, புகைப்படம், லினோகட்

கேள்வி: புதுச்சேரி வைசியாள் வீதியில் ஒரு பழைய வீட்டைச் செல்போனில் படம் எடுத்தேன். கீழே தாழ்வாரம், திண்ணை, மாடியில் பிரெஞ்சு பாணி வளைவு ஜன்னல்கள். இதை லினோகட்டாக, அதாவது லினோ தகட்டில் செதுக்கி மை தடவி எடுக்கும் அச்சுப் படமாகச் செய்ய ஆசை. ஓடுகளை ஒவ்வொன்றாகச் செதுக்க வேண்டுமா?
- ஒரு வாசகி, கடலூர்

பதில்: வேண்டவே வேண்டாம். எல்லா ஓட்டையும் செதுக்கினால் கூரை முழுக்க ஒரே கோட்டுக் குவியலாகிவிடும். வெயில் படும் ஓரத்தில் நாலைந்து வரிசை காட்டுங்கள், மிச்சத்தைப் பார்க்கிறவர்களே நிரப்பிக்கொள்வார்கள். மின்கம்பிகளுக்கும் விடை கொடுத்துவிடலாம்.

லினோவில் சாம்பல் நிறம் கிடையாது. செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு, அவ்வளவுதான். அதனால் உளியைத் தொடும் முன் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, இடைப்பட்ட சாம்பல் மறையும் வரை கான்ட்ராஸ்டை ஏற்றிப் பாருங்கள். கீழிருந்து எடுத்த படமென்றால் சுவர்கள் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும், அதையும் அங்கேயே நிமிர்த்திவிடுங்கள். அந்தத் தெரு வீடுகளில் ஒரு வசதி, தாழ்வாரத்துக்குள் விழும் நிழல். அதை முழுக் கறுப்பாக விட்டு, முன்னால் நிற்கும் தூண்களை மட்டும் வெள்ளையாக எடுத்தாலே பாதி வீடு எழுந்துவிடும்.

அச்சில் இடது வலம் மாறும். டிரேசிங் பேப்பரில் மென்மையான பென்சிலால் வரைந்து, வரைந்த பக்கம் லினோவில் படும்படி கவிழ்த்துத் தேய்த்தால் படம் தானாகவே திரும்பிவிடும். கார்பன் பேப்பர் என்றால் படத்தை முதலிலேயே திருப்பி பிரின்ட் எடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் அச்சில் பழையபடி இடது வலம் மாறிவிடும், கவனம்!

லினோ என்பது ஆளிவிதை எண்ணெயும் தக்கைத்தூளும் கலந்து சணல் துணியில் படியவைத்த தகடு. நாளானால் இறுகும், சற்று நேரம் வெயிலில் வைத்தால் இளகும். ரப்பர் மாதிரியான மெத்துத் தகடுகளும் கிடைக்கின்றன, கைக்கு நோகாது, ஆனால் ஜன்னல் சட்டம் போன்ற மெல்லிய கோடுகள் அதில் வளைந்து நெளியும், கட்டடத்துக்கு என் ஓட்டு லினோவுக்கே. வி வடிவ உளியால் ஓரங்களை வெட்டிவிட்டு, யு வடிவ உளியால் அகலமான இடங்களை எடுங்கள். தகட்டைப் பிடிக்கிற கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான்.

அப்புறம் மை. ரோலரில் மெல்லிசாக, பல தடவை. அதிகமானால் நுண்கோடுகள் அடைத்துக்கொள்ளும். மேலே காகிதத்தை வைத்து அழுத்தித் தேய்க்கக் கரண்டியின் பின்பக்கம் போதும். நீர் கலந்த மை நம் ஊர் வெக்கையில் காகிதத்தை வைக்கும் முன்பே காய்ந்துவிடுகிறது, ஃபேனை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் மைக்கு மாறுங்கள்.